உன் அம்மாவின் ரத்தத்தில் குறை இல்லை

தம்பி செல்வத்துக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வழக்கம்போல உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள், நான் வாசித்துக் காட்டினேன். கோலாலம்பூரில் மழை, பள்ளிக்கூடத்தில் புது ஆய்வுக்கூடம் கட்டுகிறார்கள், உனக்கு இருமல் நின்றுவிட்டது, எல்லாவற்றையும் வாசித்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "அவ்வளவுதானா? பரிமளத்தக் கட்டிக்கறதப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டாள். "அடுத்த கடிதத்துல எழுதுவான்" என்று சொன்னேன். அவளுக்கு எழுத்து தெரியாதது எனக்கு எத்தனை வசதியாக இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தப் பக்கத்தில் நீ ஒரு படம் போட்டிருந்தாய். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம், நோய் உள்ளவர்களுக்குக் கறுப்பு. உன் தங்கச்சி தேவகியின் வட்டத்தைக் கறுப்பாக அடைத்திருந்தாய். ஊரில் ஒன்பது வயதில் வலிப்பு வந்து இறந்துபோன உன் சித்தியின் வட்டமும் கறுப்பு. உன் அம்மாவின் வட்டத்தைப் பாதி கறுப்பாக்கி, அங்கிருந்து ஒரு கோடு இழுத்து உன் கட்டத்துக்குள் கேள்விக்குறி போட்டிருந்தாய். கீழே எழுதியிருந்ததை எனக்கு மனப்பாடமாகச் சொல்லத் தெரியும். "அப்பா, இது பரம்பரை. அம்மா வழியாக வருகிறது. எனக்குப் பிறக்கும் பிள்ளையும் தேவகி மாதிரி ஆகலாம். பரிமளத்துக்கு நான் அந்தத் துரோகத்தைச் செய்யமாட்டேன். மாதக் கடைசிக்குள் அவள் அப்பாவுக்கு வேண்டாம் என்று எழுதிவிடுவேன்." அந்தப் படத்தில் என் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது, தம்பி. ஒரு சின்னக் கறைகூட இல்லாமல் சுத்தமாக இருந்தது.

நீ எழுதுவதற்குள் இது உன் கைக்கு வந்து சேரவேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தேவகிக்கு வந்தது உன் அம்மாவின் ரத்தத்தால் வந்ததல்ல. என்னால் வந்தது. நான் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு பால்மாவு டின்னில் அடைத்து, என் கையாலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவந்தபோது தெரியாது. தெரிந்து ஏழு வருஷம் ஆகிறது. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி நீ பொறுமையாக வாசிக்கலாம், அல்லது கிழித்துப் போடலாம். கிழிப்பதானால் பரிமளத்தின் அப்பாவுக்கு எழுத வைத்திருக்கிற கடிதத்தையும் சேர்த்துக் கிழி.

நீ மூன்றாம் வகுப்பில் படித்த வருஷம் நான் காலாங் பக்கம் இருந்த பேட்டரித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அதுவரை ஆற்றோரக் கிடங்கில் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்று பார்த்து, துரை என்னை ஒரே வருஷத்தில் மண்டோர் ஆக்கினார். இருபத்திரண்டு பேர் எனக்குக் கீழே. மண்டோர் என்றால் சும்மாவா, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நான் நடந்து வந்தால் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வரும். உனக்கு நினைவிருக்கும், அந்த நாளில் நான் யாருக்கும் முதலில் வணக்கம் சொன்னதில்லை. வேலை என்னவென்றால், சிவப்பு ஈயப் பொடியை அமிலம் விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, ஈயச் சட்டங்களில் அழுத்திப் பூசி, காயவைப்பது. காய்ந்ததைத் தேய்க்கும்போது பொடி பறக்கும். புருவத்தில், காது மடலில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில், எல்லாவற்றிலும் இருக்கும். சாயங்காலம் நாக்கில் ஒரு இனிப்பு தங்கும். பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு குவளை பால் கொடுப்பார்கள், ஈயத்தைப் பால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று. நாங்களும் நம்பிக் குடித்தோம், எனக்கு இரண்டு குவளை.

பிசையும் அறையின் கதவில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது, இங்கிலீஷில். ஒரு நாள் துரை என்னைக் கூப்பிட்டு, அதை உன் ஆட்களுக்கு உங்கள் பாஷையில் சொல்லு என்றார். நான் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டு, "சாப்பிடறதுக்கு முன்னால கைய நல்லாக் கழுவுங்கடா, பொடி இருக்கற எடத்துல பீடி குடிக்காதீங்கடா, கேட்டுச்சா?" என்று சத்தம் போட்டேன். பலகையில் இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. பெண்கள் இந்த அறைக்குள் வேலை செய்யக்கூடாது என்பது ஒன்று. வேலை செய்த உடுப்போடு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது இன்னொன்று. இங்கே பெண்களே கிடையாது, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று முதலாவதை விட்டேன். மாற்று உடுப்புக்கு இவன்கள் எங்கே போவான்கள், சொன்னால் என்னிடம்தான் வந்து நிற்பான்கள் என்று இரண்டாவதையும் விட்டேன். ஏன் பெண்கள் கூடாது என்று ஒரு வார்த்தை துரையிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மண்டோருக்கு இது தெரியாதா என்று நினைப்பாரே! அந்த வறட்டு கௌரவத்துக்கு இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருப்பது நானல்ல, உன் தங்கச்சி.

அந்தப் பொடி வீட்டுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். வேலு என்று ஒருத்தன் என் கீழே இருந்தான், கொஞ்ச காலம் கல்கத்தாவில் இருந்துவிட்டுக் கப்பலேறி வந்தவன். ஒரு நாள் பொடியை விரலில் எடுத்துக் காட்டி, "அண்ணே, வடக்க கல்யாணம் ஆன பொம்பளைங்க வகிட்டுல வைக்கிறாங்களே செந்தூரம், அது இதுதாண்ணே. கடையில வாங்கினா கலப்படம். இது அசல்" என்றான். அப்போதெல்லாம் தேக்காச் சந்தையில் கிடைத்த குங்குமத்தைப் பற்றி உன் அம்மா தினமும் புலம்புவாள். இந்த ஊர் வெக்கையில் பத்து மணிக்கெல்லாம் வேர்வையோடு மூக்குவரை வழிந்துவிடும், சேலையில் பட்டால் கறை. நான் அன்றைக்கே ஒரு டின் நிறைய அடைத்துக் கொண்டுவந்தேன். திருடினேன் என்றும் சொல்லலாம், மண்டோரை யார் சோதிப்பார்கள்? உன் அம்மா ஒரு சொட்டு தேங்காயெண்ணெயில் குழைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்னா நெறம்! நாள் பூரா அப்படியே இருக்குங்க!" என்று கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. நெருப்புத் துண்டு வைத்த மாதிரி இருந்தது அவள் நெற்றி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டின் தீரத்தீர நிரப்பிக் கொண்டுவந்தேன், வருஷக்கணக்காக.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிற சுமங்கலிகளை வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்று அவள் ஒரு சிட்டிகை மடித்துக் கொடுப்பாள். மாடியில் நம்மோடு சேர்த்து ஆறு குடும்பம். எல்லாரும் கேட்டு வாங்கினார்கள். பக்கத்து அறை முனியம்மாவுக்கு ஒரு பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அது இதனாலா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. உன் அம்மாவுக்கு இரண்டு முறை கலைந்தது. உன்னிடம் அப்போது அம்மாவுக்கு வயிற்றுவலி என்று சொன்னோம். மூன்றாவதாகத் தேவகி தங்கினாள். அவள் வயிற்றில் இருந்தபோதும் உன் அம்மா தினமும் குளித்து, அந்தப் பொட்டை வைத்து, அதே விரலால் சோறு பிசைந்து சாப்பிட்டாள். பிள்ளை பிறந்த பிறகு அதன் நெற்றியிலும் வைத்தாள். அது கையால் அழித்து, கையை வாயில் வைத்துச் சப்பும். வாயெல்லாம் சிவப்பாகிவிடும். "வெத்தல போட்டிருக்கா பாருங்க கெழவி!" என்று உன் அம்மா கூப்பிட்டுக் காட்டுவாள். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம், தம்பி. நீயும் சிரித்தாய்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒன்றரை வயதுவரை உட்காரவில்லை. இரண்டாவது வயதில் முதல் வலிப்பு. இப்போது பதின்மூன்று வயது, ஐம்பது சொல் பேசுகிறாள், பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. ஒரு தீபாவளிக்கு என் அக்கா, உன் பெரிய அத்தை, பலகாரத் தட்டோடு வந்தாள். நடுக்கூடத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள். "இவ தங்கச்சி ஒண்ணு ஊருல இப்படித்தான வலிப்பு வந்து செத்துச்சு? அந்த ரத்தம்லா இது. பொண்ணு எடுக்கும்போதே நல்லா விசாரிச்சிருக்கணும்" என்றாள். உள்ளே உன் அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மிச் சத்தம் நின்றது. எனக்குக் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காப்பியை ஊதிக் குடித்தேன். அப்போது எனக்கு உண்மை தெரியாதுதான். தெரியாவிட்டால் என்ன, என் பெண்டாட்டியை என் வீட்டில் வைத்துப் பேசுகிறாள், சும்மா இரு அக்கா என்று சொல்ல என்ன கேடு? நீ மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் படத்தின் முதல் கோட்டை நீ கோலாலம்பூரில் போடவில்லை. அன்றைக்கே போட்டுவிட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தைப்பூசத்திலிருந்து உன் அம்மா பால்குடம் எடுக்க ஆரம்பித்தாள். சிராங்கூன் ரோட்டிலிருந்து டோபி காட் தாண்டி டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, வெறுங்காலோடு, கொதிக்கிற தாரில். "என் வம்சத்துல என்னா பாவமோ, அது எம்புள்ளயோட நிக்கட்டும், செல்வத்துக்குப் போகக்கூடாது" என்பதுதான் அவளுடைய வேண்டுதல். ஒவ்வொரு வருஷமும் அதே வேண்டுதல். நீ அவளுடைய ரத்தத்துக்குப் பயப்படுகிறாயே, உனக்கு முன்னால் அவள் பயந்தவள்.

ஈயத்தில் ஒன்பது வருஷம் ஆனபோது அது என்னையும் பிடித்தது. வயிறு முறுக்கிக்கொண்டு தரையில் உருண்டேன், மணிக்கட்டு தொங்கிப்போயிற்று, ஒரு வாளி தூக்க முடியவில்லை. தொழிற்சாலைக்கு வருகிற டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், சிரிக்கத் தெரியாதவர். வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு ஓடுகிறது என்றார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். நான் படுத்துக்கொண்டே சொன்னேன், "ரெண்டு பேரு டாக்டர். மூத்தவன் நல்லாப் படிக்கிறான். சின்னவளுக்கு மூள வளர்ச்சி கம்மி. அவ அம்மா வழி ரத்தம்." கேட்டுக்கொள், தம்பி. அத்தை சொன்னதை நானே என் வாயால் சொன்னேன்.

"அதை ஆர் உமக்குச் சொன்னது?" என்று கேட்டார் டாக்டர். அப்புறம் உடுப்பை எங்கே துவைப்பீர், வீட்டில் என்ன புழங்குவீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் மடையன் மாதிரி, அந்த வலியிலும் பெருமையாக, செந்தூரம் கொண்டுபோனதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஐசே, அந்தப் பொடியை நீர் உம்மட மனுசிக்குப் பூசக் குடுத்தனீரோ?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "இது ரத்தவழி வாற வியாதி இல்லை. தாயின்ர உடம்பில ஏறின ஈயம் வயித்துப் பிள்ளைக்குப் போகும். ஒண்டில் கலைக்கும், இல்லாட்டி மூளையைத் தாக்கும். தகப்பன்ர விந்தணுவையும் அது கெடுக்கும் எண்டு சொல்லுகினம், எவ்வளவு எண்டு இன்னும் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. பொம்பிளையளை அந்த அறைக்குள்ள விடக்கூடாது எண்டு போர்டு போட்டிருக்கிறது வேற எதுக்கு எண்டு நினைச்சீர்?" அந்தப் பலகையைத் தமிழில் சொல்லப் பெட்டிமேல் ஏறியவன் நான்தான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன்னைப் பற்றியும் கேட்டார். ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவன், நான் அந்த வேலைக்குப் போவதற்கு எட்டு வருஷம் முந்தி, என்றேன். "அப்ப அவன் உருவானதில ஈயத்துக்குப் பங்கில்லை. பரம்பரையாத் தொடர அங்க ஒண்டும் இல்லை. ஆனா வீட்டில இருந்தவன்தானே, அவனை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும், சோதிச்சுப் பாப்பம்" என்றார். பரீட்சை நாட்களில் உன் நெற்றியிலும் அந்தப் பொட்டு இருந்ததே. நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. போனால் ஏன் என்று கேட்பாய். நீ சின்ன வயதிலிருந்தே ஏன் என்று கேட்காமல் விடமாட்டாய். உன் கேள்விக்குப் பயந்து உன் உடம்பைப் பணயம் வைத்தேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், சின்ன வயதில் வீட்டில் ஈயப் பொடி புழங்கியது என்று சொல்லிச் சோதித்துக்கொள். கல்யாணத்துக்கு முன்னால் போ. இது நான் கெஞ்சிக் கேட்பது.

வீட்டுக்கு வந்து அந்த டின்னை என்ன செய்தேன் என்று கேட்பாய். தொழிற்சாலைக்கே திருப்பி எடுத்துப்போய்க் கொட்டினேன். உன் அம்மாவிடம், கோயில் குங்குமம் தவிர வேறு வைக்கக்கூடாது என்று ஒரு சாமியார் சொன்னதாகப் பொய் சொன்னேன். அவள் உடனே கேட்டுக்கொண்டாள். மாடியில் இருந்த மற்றவர்களிடமும் அவளே போய்ச் சொல்லி, இருந்த மிச்சத்தை எறியவைத்தாள். என் ஆட்களிடம், உடுப்பைத் தொழிற்சாலையிலேயே மாற்றிவிட்டுப் போகவேண்டும் என்று சண்டை போட்டேன். துரையிடம் போய் நின்று, குளிக்க இரண்டு குழாயும் ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பும் வாங்கிக் கொடுத்தேன். அவன்கள் என்னைப் பெரிய மனுஷன் என்று கொண்டாடினான்கள். வேலு என் காலில் விழுந்தான், அவனுக்கு அப்போதுதான் பெண்டாட்டி மாசமாக இருந்தாள். இருபத்திரண்டு ஆம்பளைகளுக்கு நல்லது செய்யத் தெரிந்தது. வீட்டுக்குள் ஒருத்தியிடம் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் நம்பினேன். சொன்னால், பிள்ளை நெற்றியில் அதை வைத்தது தன் விரல் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுமே, அதை எப்படித் தாங்குவாள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொய். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம்தான் காரணம். தைப்பூசத்தன்று நான் தண்ணீர்ச் செம்போடு அவள் பக்கத்திலேயே நடப்பேன். வழியில் நிற்கிற பெண்கள், "புருஷன்னா இப்படி இருக்கணும்" என்பார்கள். அவள் பால்குடத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். உண்மை தெரிந்த பிறகு ஏழு தைப்பூசம் அப்படி நடந்தேன். அந்தச் சிரிப்பை இழக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

நீ மாஸ்டர், உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் புது ஆய்வுக்கூடத்தில் புட்டி புட்டியாக என்னென்னவோ வரும். எது என்ன, உடம்பில் ஏறினால் என்ன செய்யும், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒரு டீச்சரம்மா பக்கத்தில் நிற்கலாமா என்று வெட்கப்படாமல் கேள். போட்ட உடுப்பை அங்கேயே கழற்று. ஒரு அறிவிப்பை நாலு பேருக்குச் சொல்லும்போது நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிச் சொல்லாதே. நாளைக்குப் பரிமளத்தை நம் சொந்தக்காரர் யாராவது ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால், காப்பி குடிக்காதே. எழுந்து நின்று பேசு. ஒரு பிள்ளைக்குக் குறை என்றால் நம் ஆட்கள் முதலில் தாய்வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள். அப்பன் என்ன வேலை செய்கிறான், என்னத்தைப் பூசிக்கொண்டு வருகிறான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீ படித்தவன், நீயும் கேட்கவில்லையே என்று எனக்கு ஒரு நிமிஷம் உன்மேல் கோபம்கூட வந்தது. அப்புறம், கேட்கத் தெரியாதபடி வளர்த்தவன் யார் என்று நினைத்துக்கொண்டு அடங்கிவிட்டேன்.

புதன்கிழமை உன் படத்தை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்தது. படத்தை நெடுநேரம் பார்த்தார். காய்ச்சலில் வலிப்பு வந்து ஒரு சிறுமி செத்ததை வைத்து ஒரு வம்சத்தையே கறுப்படிக்கக்கூடாது என்றார். உனக்குச் சொல்லச் சொன்னது ஒன்றுதான்: பிறக்கிற எந்தப் பிள்ளைக்கும் எந்த டாக்டரும் உத்தரவாதம் கொடுக்கமுடியாது, ஆனால் தேவகியைக் காரணம் காட்டி நீ கல்யாணத்தை நிறுத்த ஒரு முகாந்திரமும் கிடையாது. கிளம்பும்போது, "மனுசிக்குச் சொல்லிப் போட்டீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார், போய்வாரும் என்றுகூடச் சொல்லவில்லை.

இவ்வளவையும் நேற்று எழுதினேன். எழுதி முடித்ததும், உன் அம்மாவிடம் சொல்லாமல் இதைத் தபாலில் போட்டால் அதுவும் ஒரு திருட்டுத்தனம் என்று தோன்றியது. இன்று காலை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாம் குடிவந்த இந்தத் தோ பாயோ அடுக்குமாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே இன்னும் புது பிளாக்குகளுக்குத் தூண் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இயந்திரம் இடிக்கும்போதெல்லாம் தேவகி கைதட்டிக்கொண்டிருந்தாள். நீ எழுதிய கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்தேன். பிறகு இந்தக் கடிதத்தை, ஒரு எழுத்து விடாமல். பிள்ளை வாயெல்லாம் சிவப்பாக இருந்த இடம் வந்ததும் நிறுத்தப் பார்த்தேன். "படிங்க" என்றாள். படித்தேன்.

முடித்த பிறகு அவள் தன் வலதுகை விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விரலை விட்டுக் கண்ணை எடுக்காமல், "தெரியாமக் கொண்டாந்தீங்க. தெரியாமத்தான் நானும் வச்சேன். அத நான் சாமிகிட்டப் பேசிக்குவேன்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "ஏழு வருஷமா தெனமும் இந்தப் புள்ளயத் தூங்க வைக்கும்போது, என் வயித்துல வந்து பொறந்தியேடி, என்னய மன்னிச்சிருடின்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துலதான படுத்திருந்தீங்க. கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், தம்பி. ஆமாம் என்று சொன்னேன்.

அவள் எழுந்துபோய்த் தேவகிக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுவிட்டு வந்து, உனக்கு எழுதச் சொன்னாள். பரிமளத்தின் வீட்டுக்கு நீ ஒன்றும் எழுதவேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை உன் அம்மாவே அங்கே வந்து பெண் கேட்கிறாள். இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் வீட்டில் விட்டுவிட்டுப் போவோமே, அந்தத் தேவகியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். "எம்மவள நாலு பேரு பாக்கட்டும். எப்படி ஆச்சுன்னு கேட்டா என் வாயால சொல்றேன்" என்கிறாள். ரயிலுக்கு டிக்கெட் எடுக்கக் கிளம்பினேன். எத்தனை என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"ரெண்டு போதும். நீங்க அன்னிக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போங்க. நடுக்கூடத்துல உக்காந்து, எல்லாருக்கும் கேக்கறமாதிரி சொல்லிட்டு வாங்க."

உன் அப்பா